மாத்திரை அட்டையில் க்யூஆர் கோடு இருந்தால் அது அசல்தானா?

உங்கள் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டையில் இருந்த க்யூஆர் கோடைக் கைபேசியில் ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறீர்கள். மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குத் தரும் எண்), காலாவதித் தேதி எல்லாம் திரையில் வந்திருக்கின்றன. அட்டையில் அச்சாகியிருப்பதோடு பொருந்தியும் இருக்கின்றன. 'அப்படியானால் இது அசல் மருந்து என்று நம்பலாமா? இதையே எல்லாப் பொருளுக்கும் கட்டாயமாக்கினால் போலியே இருக்காதே?' என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். பொருளின்மேல் ஒரு குறியீடு இருப்பதை வைத்துப் பொருளையே நம்பிவிடலாமா என்பதுதான் அது. நம்பிவிட முடியாது. ஏன் முடியாது, அப்படியானால் எதை நம்புவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மொத்த மருந்து வியாபாரியின் கிடங்கில் 4 ஆண்டுகள், பிறகு திருச்சியில் சொந்தக் கடையில் 23 ஆண்டுகள் என்று மருந்தாளுநராகவே இருந்துவருகிறேன். ஆய்வகப் பரிசோதனை என் வேலை இல்லை. ஆகவே நீங்கள் அனுப்பிய அட்டைப் படத்தைப் பார்த்து அந்த மாத்திரைக்குள் இருக்க வேண்டிய மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து எவராலும் முடியாது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் வரும் ஆபத்து உடனடியானது. வழக்கமாக வாங்கும் நம்பிக்கையான கடையில் வேறு பேட்ச் அட்டை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். சந்தேகப்படும் அட்டையைப் பில்லோடு சேர்த்துத் தனியே எடுத்து வையுங்கள்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 2022 நவம்பரில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி எச்2 என்ற அட்டவணையில் 300 மருந்துப் பெயர்கள் சேர்க்கப்பட்டன. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் அந்த மருந்துகளின் அட்டையிலோ, அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியிலோ, பார் கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். டோலோ, கால்பால், அலெக்ரா, ஷெல்கால், மெஃப்டால் போன்று நாம் தினமும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் மருந்துகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குறியீட்டுக்குள் எட்டு விவரங்கள் இருக்க வேண்டும்: தயாரிப்புக்கான அடையாளக் குறியீடு, மருந்தின் பொதுப்பெயர், வணிகப் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உற்பத்தி உரிம எண். இதிலிருந்தே ஒரு தெளிவு கிடைக்கிறது. இந்தியச் சந்தையில் பல்லாயிரக்கணக்கான வணிகப் பெயர்களில் மருந்துகள் விற்கின்றன, கட்டாயம் 300-க்குத்தான். எனவே கோடு இல்லாத அட்டையைப் பார்த்ததும் போலி என்று பதற வேண்டாம். அந்த 300-இல் ஒன்றாக இருந்து, அட்டையிலும் பெட்டியிலும் கோடு இல்லாவிட்டால் கட்டாயம் கேள்வி கேளுங்கள்.

கோடு இருந்து, விவரமும் சரியாக வந்தால்? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அட்டையில் இருக்கும் கோடை ஒரு கைபேசியில் படம் எடுங்கள். அந்தப் படத்தை இன்னொரு கைபேசியால் ஸ்கேன் செய்யுங்கள். அதே பெயர், அதே பேட்ச் எண், அதே தேதி அப்படியே வரும். கைபேசித் திரையில் இருக்கும் படத்துக்குள் மாத்திரை ஒன்றும் இல்லை, ஆனாலும் கோடு 'பேசுகிறது'. அசல் அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரம் போலி அட்டை அச்சிடுபவனுக்கும் அது இதே மாதிரிதான் பேசும். பல அட்டைகளில் விவரங்கள் கோட்டுக்குள்ளேயே எழுத்தாக அடைக்கப்பட்டிருக்கின்றன. கைபேசி அதை வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். எந்த நிறுவனத்தின் பதிவேட்டையும் அது எட்டிப் பார்ப்பதில்லை. சில அட்டைகளில் இணைய முகவரி திறக்கும். அப்போது முகவரி உண்மையிலேயே அந்த நிறுவனத்தினுடையதுதானா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பக்கத்தையும் போலியாகச் செய்ய முடியும்.

சட்டத்தில் வரும் 'அடையாளக் குறியீடு' என்ற சொல்லைப் படித்தால் ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனி எண் இருக்கும் என்று தோன்றும். என் கடைக்கு வரும் சரக்கில் நான் பார்ப்பது வேறு. ஒரே பேட்சைச் சேர்ந்த பத்து அட்டைகளை வரிசையாக ஸ்கேன் செய்தால், பெரும்பாலான மருந்துகளில் பத்திலும் ஒரே விவரம்தான் வருகிறது. ஒரு பேட்ச் என்பது லட்சக்கணக்கான மாத்திரைகள். அத்தனைக்கும் ஒரே கோடு என்றால், அந்தக் கூட்டத்துக்குள் போலி அட்டை ஒன்று நுழைந்தாலும் கோட்டை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டாயம் வந்த சில மாதங்களில், முன்பின் தெரியாத ஒரு விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்தார். நன்றாக ஓடும் வயிற்று மாத்திரை ஒன்றை, அச்சிட்ட விலையிலிருந்து 40 விழுக்காடு குறைத்துத் தருவதாகச் சொன்னார். மாதிரிக்கு இரண்டு பெட்டி வைத்துவிட்டுப் போனார். ஸ்கேன் செய்தேன், எல்லாம் சரியாக வந்தது. அட்டையைக் கையில் எடுத்தபோதுதான் உறுத்தியது. அந்த மருந்தின் அட்டையில் பேட்ச் எண்ணையும் தேதியையும் அழுத்தி அச்சிட்டிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே மேடு பள்ளம் தட்டுப்படும். இதில் வெறும் மை. ஈரமான கட்டைவிரலால் தேய்த்தேன், தேதியின் கடைசி எண் மங்கிவிட்டது. எங்கள் பகுதியில் அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மொத்த விநியோகஸ்தரான ஸ்டாக்கிஸ்டை அழைத்து அந்தப் பேட்ச் எண்ணைச் சொன்னேன். 'அது எங்களிடம் வந்து விற்றுத் தீர்ந்து ஆறு மாதம் ஆகிறதே' என்றார். அன்றைக்கே மருந்து ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்தேன். அவர் வந்து முறைப்படி மாதிரி எடுத்துப் போனார். பிரதிநிதி கொடுத்திருந்த கைபேசி எண் அதற்குப் பிறகு ஒலிக்கவே இல்லை.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியவை விரல் நுனியும் தள்ளுபடிக் கணக்கும்தான். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரருக்கு 16 விழுக்காடு என்று 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை லாபத்தை வகுத்திருக்கிறது. மற்ற மருந்துகளில் சில்லறைக்கு 20, மொத்த வியாபாரிக்கு 10 என்பது தொழிலில் இருந்துவரும் வழக்கம். அப்படி ஓடும் பெயர்பெற்ற மருந்து ஒன்றை எனக்கே 40 விழுக்காடு குறைத்து ஒருவர் தருகிறார் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இதை எல்லா மருந்துக்கும் அளவுகோலாக வைத்துவிடாதீர்கள். நிறுவனங்களே குறைந்த விலைக்குக் கடைகளுக்குத் தந்து, அச்சிட்ட விலையை உயரத்தில் வைக்கும் மருந்துகளும் ஏராளம். அவற்றில் 50 விழுக்காடு தள்ளுபடிகூட நேர்மையானதாக இருக்கலாம். மக்கள் மருந்தகத்தில் விலை குறைவு என்பதால் அங்கே கிடைப்பது போலி என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பெருந்தவறு.

குறியீடு உண்மையிலேயே வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் வேண்டும். விற்கும்போது அந்த எண்ணைக் கணக்கிலிருந்து அடித்துவிடும் பதிவேடு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல் மருத்துவர் சீட்டில் வாங்கும் மருந்துகளுக்கு இப்படித்தான் நடக்கிறது. பெட்டியின்மேல் க்யூஆர் கோடு போன்ற சதுரமான டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடு. அதற்குள் தயாரிப்பு எண், பேட்ச், காலாவதியோடு அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரிய வரிசை எண். பெட்டியைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரையும் உண்டு. மருந்துக் கடையில் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்தால் மையப் பதிவேட்டில் அந்த எண் முடிந்துபோகிறது. அதே எண்ணோடு இன்னொரு பெட்டி வேறு ஊரில் வந்தால் அங்கே எச்சரிக்கை எழும். கோட்டை அப்படியே நகலெடுத்தாலும் ஒரு பெட்டியைத்தான் விற்க முடியும். இரண்டாவது பெட்டியில் மாட்டிக்கொள்வார்கள். நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதைவிட எளிய வழியைக் கொண்டுவந்தது. பழைய ரீசார்ஜ் கூப்பன் போலச் சுரண்டினால் எண் தெரியும். அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதில் வரும். கடையில் கணினி தேவையில்லை, வாங்குபவரிடம் சாதாரண கைபேசி இருந்தால் போதும். எண் மறைந்திருப்பதால் கடை அலமாரியில் இருக்கும் பெட்டியிலிருந்து அதைத் திருடவும் முடியாது. நம் நாட்டுக் கிராமங்களுக்கு இது பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

நம்மிடமே இதற்கு நெருங்கிய முன்மாதிரி இருக்கிறது. நகைக் கடையில் பார்த்திருப்பீர்கள்: ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யூஐடி என்ற அடையாளம். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. ஒவ்வொரு நகைக்கும் தனி எண். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், நகைக் கடையின் பதிவு, தரம் பார்த்த மையம், தூய்மை, நகையின் வகை எல்லாம் அரசுப் பதிவேட்டிலிருந்து வருகின்றன. திரையில் 'வளையல்' என்று வந்து கையில் இருப்பது சங்கிலியாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மோதிரத்துக்குக்கூடத் தனி எண் தர முடிந்த நாட்டில், உயிர் காக்கும் மாத்திரைப் பெட்டிக்குத் தனி எண் இன்னும் கட்டாயமாகவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அப்படியானால் எல்லாப் பொருளுக்கும் கட்டாயமாக்கிவிடலாமே என்கிறீர்கள். ரஷ்யா அதைத்தான் செய்துவருகிறது. அங்கே அந்த அமைப்புக்கு 'நேர்மைச் சின்னம்' என்று பொருள்படும் பெயர். 2016-இல் விலங்கின் ரோமத்தோல் கோட்டுகளில் தொடங்கி, 2019-இல் சிகரெட், 2020 ஜூலை 1 முதல் மருந்தும் காலணியும், பிறகு பால் பொருள், குடிநீர் பாட்டில், பீர் என்று விரிந்துகொண்டே போகிறது. தொடக்கத்தில் ஒரு குறியீட்டுக்கு அரை ரூபிள் கட்டணம் வைத்தார்கள். 20 ரூபிளுக்குள் விற்கும் அத்தியாவசிய மருந்துகளுக்கு மட்டும் விலக்கு. கல்லாவில் ஸ்கேன் செய்யாமல் பொருள் கைமாறாது. வாங்குபவரும் செயலியில் சரிபார்க்கலாம். போலியைப் பிடிப்பதோடு வரி ஏய்ப்பைப் பிடிப்பதும் அரசின் நோக்கம். ஆனால் 2020 இலையுதிர் காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். ஒவ்வொரு பெட்டியின் நகர்வையும் கணினி உறுதி செய்த பிறகே விற்கலாம் என்ற விதியால் பதிவேடு திணறியது. மருந்துகள் கிடங்குகளில் தேங்கின, கடைகளில் அலமாரி காலியானது. நவம்பரில் அரசு இறங்கிவந்து, உறுதிப்பாட்டுக்குக் காத்திராமல் தகவலை மட்டும் அனுப்பிவிட்டு விற்கலாம் என்று தளர்த்தியது. குறியீட்டு முறையே தவறு என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். பதிவேடு ஒரு நாள் படுத்தால் காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கு மருந்து கிடைக்காமல் போகக் கூடாது என்ற ஏற்பாட்டை முதலிலேயே செய்துவைக்க வேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொள்ளும் பாடம். சோப்பு, சீப்பு, ஊறுகாய்ப் பாட்டில் வரைக்கும் இதைக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. குடிசைத் தொழிலாக மசாலாப் பொடி அரைத்து விற்பவருக்கு அச்சு இயந்திரமும் கணினியும் வாங்குவதே பெரும் சுமை. போலியால் உயிரோ உடலோ கெடும் பொருள்களில் முதலில் செய்யட்டும். மருந்து, பூச்சிமருந்து, வாகனத்தின் பிரேக் உதிரிபாகம், குழந்தைகளின் பால்பவுடர் என்று என் வரிசை இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் குறியீட்டின் கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. அது பெட்டியைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது. 2024 மார்ச்சில் தில்லிக் காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. நோயாளிக்குச் செலுத்தி முடித்த விலையுயர்ந்த புற்றுநோய் ஊசிமருந்துக் குப்பிகளைச் சேகரித்து, அவற்றுக்குள் பூஞ்சைத் தொற்றுக்கான மலிவான மருந்தை நிரப்பி விற்றிருக்கிறார்கள். குப்பி அசல், லேபிள் அசல், அதில் இருக்கும் எந்தக் குறியீடும் அசல். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்களே, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உரிமம் பெற்ற ஆலையில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாடு அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. அது போலி மருந்து அல்ல. அதன்மேல் தனி எண்ணோடு குறியீடு இருந்திருந்தாலும், ஸ்கேன் செய்த தாய்க்குத் திரை 'அசல்' என்றுதான் காட்டியிருக்கும். இதை எழுதும்போதே கை கனக்கிறது.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. 2014–16-இல் நாடு முழுவதும் 47,000 மாதிரிகளுக்கு மேல் எடுத்துச் சோதித்த தேசிய ஆய்வில் போலி என்று மதிப்பிடப்பட்டது 0.0245 விழுக்காடு, தரமற்றது 3.16 விழுக்காடு. அதாவது தரக்குறைவு போலியைப்போல நூறு மடங்குக்கும் மேல். போலிச் சரக்கு வைத்திருப்பவன் ஆய்வுக்கு வருபவர் கண்ணில் அதைப் படவிடுவானா என்ற ஐயம் எனக்கு உண்டு; போலியின் அளவு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அது என் ஊகம். ஆனால் தரக்குறைவுதான் பெரிய நோய் என்பதில் ஐயமே இல்லை, அதற்குத் தீர்வு ஆலைச் சோதனையும் ஆய்வகமும்தான். க்யூஆர் கோடு அங்கே உதவும் வழி ஒன்று உண்டு. ஒரு பேட்ச் கெட்டது என்று தெரிந்ததும், அது எந்தெந்தக் கடைக்குப் போனது என்று நொடியில் கண்டுபிடித்துத் திரும்ப எடுக்கலாம். அதற்கும் ஒவ்வொரு கைமாற்றமும் ஸ்கேன் செய்யப்பட்டுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இன்றைய நம் சட்டம் அதைக் கேட்கவில்லை.

உங்கள் அட்டைக்கு வருகிறேன். முதலில் பில்லை எடுங்கள். பில்லில் எழுதிய பேட்ச் எண்ணும் அட்டையில் இருக்கும் பேட்ச் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கோட்டிலிருந்து வந்த எண்ணோடு இந்த இரண்டையும் ஒப்பிட்டு மூன்றும் ஒத்துப்போனால் கவலை பாதி குறையும். பில்லே இல்லை என்றால் எந்தக் கோடும் உங்களுக்குத் துணை வராது, நாளைக்குப் புகார் கொடுக்க ஆதாரமும் இருக்காது. கடையில் உரிமச் சான்று எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அதையும் ஒரு பார்வை பாருங்கள். இதே மருந்தின் பழைய அட்டை வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்து எழுத்தின் அளவு, நிறம், எழுத்துப்பிழை, படலத்தின் பளபளப்பு ஆகியவற்றைப் பாருங்கள். நிறுவனங்கள் அட்டையின் வடிவத்தை மாற்றுவது வழக்கம் என்பதால் வேறுபாடு மட்டும் முடிவான சான்றாகாது. மாத்திரை உதிர்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரமாக அம்மாவின் ரத்த அழுத்தம் காரணமில்லாமல் ஏறியிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உப்பு, தூக்கமின்மை, வேறு மருந்து என்று அதற்குக் காரணம் பல இருக்கலாம் என்பதால் அவர்தான் பிரித்தறிய வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால், பேட்ச் எண்ணோடு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். 2024-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் மாதாந்திரத் தரமற்ற மருந்துப் பட்டியலில் ஷெல்கால், பான்-டி போன்ற பெயர்கள் வந்தபோது, சோதிக்கப்பட்டவை தங்கள் தயாரிப்பே அல்ல, போலி என்று நிறுவனங்கள் பதில் கொடுத்தன. தங்கள் பேட்ச்தானா என்பதைப் பதிவேட்டை வைத்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அடுத்து, உங்கள் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி, மருந்தை வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை அறிக்கை பெறலாம். இந்த உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் மிச்சமிருக்கும் நான்கு மாத்திரை சோதனைக்குப் போதாது. பிரிக்காத அட்டைகள், அதே பேட்ச், பில்லோடு இருந்தால்தான் பயன்.

இனி வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். நீங்கள் ஆறு மாத்திரை கேட்டால் கடைக்காரர் அட்டையைக் கத்தரிப்பார்; பேட்ச் எண்ணும் கோடும் இருக்கும் முனை அவர் பக்கம் நின்றுவிடும். நானே பல ஆண்டுகள் யோசிக்காமல் அப்படி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். மாதாந்திர மருந்துக்கு முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் அம்மாவிடம் எழுத்து இல்லாத முனையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கச் சொல்லுங்கள். பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கும் முனை கடைசி மாத்திரை வரை அட்டையோடு இருக்கட்டும். தீர்ந்த பிறகு அட்டையையும், ஊசிமருந்தாக இருந்தால் குப்பியின் லேபிளையும், யாரும் மறுபடி பயன்படுத்தாதபடி கிழித்துச் சிதைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.